வெட்டியெடுத்த குணசேகரன்: மாரிமுத்துவின் ரசிகர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ‘எதிர்நீச்சல்’ ரசிகர்களுக்கு வணக்கம்.

2023 செப்டம்பர் 8ஆம் தேதி காலையில், அந்தத் தொலைக்காட்சித் தொடரில் ஆதி குணசேகரனாக நடித்த ஜி. மாரிமுத்துவுக்கு, அதற்கு டப்பிங் பேசிக்கொண்டிருந்தபோது நெஞ்சுவலி வந்தது. மருத்துவமனைக்குப் போயும் உயிர் தங்கவில்லை. அவர் நடித்த ‘ஜெயிலர்’ படம் வெளியாகி ஒரு மாதம்கூட முழுதாக ஆகியிருக்கவில்லை. வருடக்கணக்காகச் சினிமாவின் பின்கட்டில் உழைத்தவருக்கு அப்போதுதான் தெருத்தெருவாக முகம் தெரிந்திருந்தது. தேனி மாவட்டம் வருசநாட்டுப் பக்கமுள்ள பசுமலைத்தேரி என்ற அவருடைய ஊருக்கு உடல் கொண்டுபோகப்படுவதற்குள்ளேயே உங்கள் அஞ்சலி தொடங்கிவிட்டது. சொந்த வீட்டுப் பெரியவர் ஒருவர் போய்விட்டதைப் போல எழுதியவர்கள் உங்களில் உண்டு. அந்தத் துக்கத்தைக் கேலி செய்ய இந்த மடல் எழுதப்படவில்லை. வாரத்தில் ஆறு நாள் இரவு ஒன்பதரை மணிக்கு வீட்டுக்குள் வந்து உட்கார்ந்த ஒரு மனிதர் திடீரென்று வராமல் போனால் வீடு அதை உணரத்தான் செய்யும். சீரியல் நடிகருக்காக அழுவதை அசட்டுத்தனம் என்று ஒதுக்குகிறவர்கள், சினிமா நடிகருக்காக ஊரே கதவடைத்த நாட்களை எண்ணிப் பார்க்கட்டும். என் பேச்சு நீங்கள் அழுததைப் பற்றியது அன்று. அழுது முடித்தபின் எதை எடுத்து வைத்துக்கொண்டீர்கள் என்பதைப் பற்றியது.

நீங்கள் எடுத்து வைத்திருப்பது பத்துப் பதினைந்து விநாடித் துண்டுகளை. வெள்ளை வேட்டி சட்டையில் ஒருவர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்து, விரலை நீட்டி, “இந்தாம்மா ஏய்” என்கிறார். பின்னணியில் ஒரு அதிரடி இசை. அவ்வளவுதான். அவர் நினைவு நாளிலும் அதுதான் வருகிறது, கல்யாண வீட்டு வீடியோவிலும் அதுதான் வருகிறது, மனைவியை வாயடைக்கச் செய்யும் கணவன்மார்களின் நகைச்சுவையிலும் அதுதான் வருகிறது. இப்படி நினைவுகூர்வதால் மாரிமுத்து செய்த வேலையைப் பாதியாக அறுத்துவிடுகிறீர்கள் என்பது என் வாதம். எந்தப் பாதி போய்விடுகிறது என்பதுதான் விஷயம். அவர் அந்தக் குரலை யாரை நோக்கி எழுப்பினாரோ அந்தப் பெண்கள் அந்தத் துண்டுகளில் இல்லை.

‘எதிர்நீச்சல்’ 2022 பிப்ரவரியில் சன் தொலைக்காட்சியில் தொடங்கியது. இயக்கியவர் திருச்செல்வம், 2003 முதல் 2009 வரை ஓடிய ‘கோலங்கள்’ தொடரின் இயக்குநர். அந்தத் தொடரின் வில்லனுக்கும் ஆதி என்றுதான் பெயர் என்பதைப் பழைய ரசிகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ‘எதிர்நீச்சல்’ கதையின் ஏற்பாடு எளிமையானது, எளிமையாக இருப்பதாலேயே கொடியது. மதுரையில் பணக்காரக் குடும்பம் ஒன்று. நான்கு சகோதரர்கள். மூத்தவர் ஆதி குணசேகரன். படித்த பெண்களாகத் தேடிச் சகோதரர்களுக்குக் கட்டிவைத்து, கொண்டுவந்ததும் அடுப்படியில் நிறுத்துகிற குடும்பம். ஈஸ்வரி, ரேணுகா, நந்தினி ஆகிய மூவரும் ஆளுக்கொரு திறமையைப் பிறந்த வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு வந்தவர்கள். ரேணுகாவுக்குப் பரதம் தெரியும், ஆட முடியாது. நான்காவதாக ஜனனி வருகிறாள். வந்த இடத்தில் அடங்க மறுக்கிறாள். அப்பத்தா பட்டம்மாளின் பெயரில் உள்ள 40 சதவீதச் சொத்து வேறு குணசேகரனின் தூக்கத்தைக் கெடுக்கிறது. தங்கை ஆதிரை விரும்பியவனை மறுத்து, கரிகாலன் கையில் அவளைப் பிடித்துக் கொடுக்கிறார். இத்தனைக்கும் நடுவில் ஒரு மனிதர் உட்கார்ந்துகொண்டு கூச்சல் போடுகிறார் என்றால், அந்தக் கூச்சல் வெறும் கூச்சலாக இருக்க முடியாது.

அந்தத் தொடரின் காட்சிகள் எப்படிக் கட்டப்பட்டன என்பதைக் கொஞ்சம் நினைவுபடுத்திப் பாருங்கள். கூடத்தில் குணசேகரன், அவர் இருபுறமும் தம்பிகள் ஞானமும் கதிரும். எதிரில் வரிசையாக மருமகள்கள், ஒரு ஓரத்தில் தாய் விசாலாட்சி. குணசேகரன் ஒரு வாக்கியம் பேசுவார். உடனே கேமரா எதிர்வரிசைக்குப் போகும். ஈஸ்வரியின் முகத்தில் இருபது வருட அலுப்பு. நந்தினி வாய்க்குள் எதையோ முணுமுணுப்பாள். ரேணுகா பல்லைக் கடிப்பாள். ஜனனி வாயைத் திறப்பாள். சீரியல்களில் ஒவ்வொரு முகமாகக் காட்டி நேரத்தை இழுக்கிறார்கள் என்று நாம் நக்கல் அடிப்பது வழக்கம். பல தொடர்களுக்கு அந்த நக்கல் பொருந்தும். இந்தத் தொடரில் அந்த முகங்கள்தான் கதை. குணசேகரன் பேசியது பாதி வாக்கியம், மீதியை அந்த நான்கு முகங்கள் முடித்தன. நந்தினியின் முணுமுணுப்புக்காகவே அவர் வசனத்தை ரசித்தோம் என்று சொல்லக்கூடியவர்கள் உங்களில் ஏராளம். இதை மாரிமுத்து நன்றாக அறிந்திருந்தார் என்பதை அவர் நடிப்பே காட்டும். கத்தி முடித்ததும் கண் அந்த வரிசையை ஒருமுறை மேயும், யார் மசியவில்லை என்று பார்க்கும். ஒருத்தி பயப்படவில்லை என்று தெரிந்தால் குரல் இன்னும் ஒரு படி ஏறும், கூடவே அதில் ஒரு பிசிறு தட்டும். அந்தப் பிசிறில்தான் அந்த மனிதரின் பயம் முழுவதும் இருந்தது. தன்னைவிடப் படித்த பெண்களை நாலு சுவருக்குள் வைத்திருக்கும் ஒருவனுக்கு எப்போதும் இருக்கும் பயம் அது. துண்டில் இதெல்லாம் வராது. பதில் முகங்களை வெட்டியதும் பயம் மறைந்து கம்பீரம் மட்டும் மிஞ்சுகிறது. கத்தரிக்கோல் ஒரு கோழையை வீரனாக்கிவிடுகிறது.

இதற்கு உங்களிடமிருந்து வரும் முதல் பதில் எனக்குத் தெரியும். ‘இரத்தக்கண்ணீர்’ படத்தில் எம்.ஆர். ராதாவின் மோகனை எழுபது ஆண்டுகளாக ரசிக்கிறோமே, அவனும் பெண்டாட்டியை இழிவாகப் பேசியவன்தானே, அப்போது வராத ஆட்சேபம் இப்போது ஏன்? நம்பியாரைத் திரையில் கண்டு திட்டித் தீர்த்தவர்களே அவருடைய முழியையும் கையைப் பிசைவதையும் ரசித்தார்களே? நியாயமான கேள்வி. ராதாவின் எடுத்துக்காட்டு என் வாதத்துக்கும் உதவுகிறது என்பதால் அதையே எடுத்துக்கொள்கிறேன். 1954இல் வந்த அந்தப் படம் இன்றும் முழுதாகக் கிடைக்கிறது. மோகனின் நக்கலை ரசிக்கிற அதே பார்வையாளர், குஷ்டரோகியாகத் தெருவில் கிடக்கும் மோகனையும் இரண்டு மணி நேரத்துக்குள் பார்த்துவிடுகிறார். தன் மனைவிக்குத் தன் நண்பனோடு தானே மறுமணம் செய்துவைத்துவிட்டுச் சாகும் மோகனையும் பார்த்துவிடுகிறார். பாத்திரத்தின் திமிரும் அதற்கான தண்டனையும் ஒரே பொட்டலத்தில் இருக்கின்றன. ஒன்றை வாங்கினால் மற்றொன்றும் கூடவே வரும். ராதாவின் வசனத்தைத் தனியாகச் சொல்லிக் காட்டுபவர்கூட அந்த முடிவை அறிந்தே சொல்கிறார்.

தொடருக்கு அந்த வசதி கிடையாது. எழுநூறுக்கும் மேற்பட்ட பகுதிகள். சன் நெக்ஸ்ட் செயலியில் கிடக்கலாம். யார் மறுபடி முதலிலிருந்து உட்கார்ந்து பார்க்கப்போகிறார்கள்? ‘சித்தி’யையும் ‘மெட்டி ஒலி’யையும் மறு ஒளிபரப்பில் பார்த்தவர்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனாலும் ஒரு தொடர் நடிகரின் வேலை அவ்வளவும் அன்றாடம் கரைந்துபோவதற்கென்றே செய்யப்படுவது. திரைப்பட நடிகருக்குப் படச்சுருள் இருக்கிறது, விருது இருக்கிறது, விமர்சனம் இருக்கிறது, திரைப்பட வரலாறு எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். சின்னத்திரை நடிகர் ஒருவரின் நடிப்பை வரிவரியாக ஆராய்ந்து தமிழில் எழுதப்பட்ட கட்டுரைகளைத் தேடினால் விரல்விட்டு எண்ணும்படியாகத்தான் அகப்படும். ஆகவே மாரிமுத்துவின் குணசேகரனுக்கு இருக்கும் ஒரே ஆவணக் காப்பகம் நீங்கள்தான். நீங்கள் வெட்டி வைப்பதுதான் மிஞ்சும். பத்து ஆண்டுகள் கழித்து அந்தத் தொடரைப் பார்த்திராத ஒரு இளைஞன் மாரிமுத்து யார் என்று கேட்டால், பெண்களை அதட்டுவதில் பெயர்பெற்ற ஒரு நடிகர் என்ற முடிவுக்கு வருவான். இதை ரசிகர்கள்மேல் போடும் பழியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். யாரும் தராத பொறுப்பு ஒன்று உங்கள் கைக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

அந்த நடிப்பில் மாரிமுத்துவின் பங்கு எவ்வளவு, எழுத்தின் பங்கு எவ்வளவு என்று ஒருவர் கேட்கலாம். வழக்கமாக இதற்கு விடை கிடைப்பதில்லை; இந்த விஷயத்தில் காலம் கொடூரமாக ஒரு சோதனையை நடத்திக் காட்டிவிட்டது. அவர் இறந்தபின் குணசேகரன் இல்லாமல் கொஞ்ச நாள் கதை நகர்ந்தது. பிறகு வேல ராமமூர்த்தி அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். அதே வீடு, அதே தம்பிகள், எதிரில் அதே மருமகள்கள், அதே இயக்குநர். மாறியது ஆள் மட்டும். வேல ராமமூர்த்தி சாதாரண ஆளில்லை. ‘குற்றப் பரம்பரை’ நாவலை எழுதியவர். ‘மதயானைக் கூட்டம்’ படத்தில் அவரைப் பார்த்தவர்களுக்கு அவர் திரையில் நின்றாலே என்ன நடக்கும் என்று தெரியும். அவர் வந்ததும் குணசேகரன் கனத்துப்போனார். பேசாமல் நிற்கும்போதே அச்சம் தந்தார். அரிவாளை எடுக்கக்கூடியவர் என்று நம்பும்படி இருந்தார். ஆனால் மாரிமுத்துவின் குணசேகரனிடம் நாம் கண்டது வேறு. அவர் அரிவாள் எடுக்கிற ஆளாகத் தோன்றியதில்லை. கணக்குப் பார்க்கிற ஆள், பொறாமைப்படுகிற ஆள், தான் சொன்ன பொய்யைத் தானே நம்பிவிடுகிற ஆள், தோற்றுப்போனால் குழந்தையைப் போலச் சிணுங்கி உடனே அதை அதட்டலால் மூடுகிற ஆள். நம் தெருவில், நம் சொந்தத்தில், சொத்துத் தகராறில், பந்தியில் உட்காரும் இடத்துக்காகக் கோபித்துக்கொண்டு போவதில் நாம் பார்த்த ஆள். பயங்கரமானவனைக் காட்டிலும் இந்த அற்பமானவன் பெண்களின் வாழ்க்கையை அதிகம் சிதைத்திருக்கிறான் என்பதை எந்தப் பிரசங்கமும் இல்லாமல் மாரிமுத்து காட்டினார். இரண்டு நடிகர்களில் யார் உசத்தி என்பது வெட்டிப் பேச்சு. இருவருக்கும் இடையே உள்ள தூரத்தில்தான் மாரிமுத்துவின் சொந்தச் சரக்கு இருக்கிறது. வசனத்தை மட்டும் நினைவில் வைத்தால் அந்தச் சரக்கு நழுவிவிடும், ஏனென்றால் வசனத்தை வேல ராமமூர்த்தியும் பேசினார்.

இங்கே உங்களோடு கொஞ்சம் சண்டை போட வேண்டியிருக்கிறது. “இவருக்குப் பதில் இவர்” என்ற அறிவிப்பைத் தமிழ்ச் சீரியல் பார்த்து வளர்ந்த யாரும் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. கல்யாணமாகிப் போனவர், சினிமாவுக்குப் போனவர், சம்பளத் தகராறில் விலகியவர் என்று எத்தனையோ பேருக்குப் பதில் எத்தனையோ பேர் வந்தார்கள். நாமும் இரண்டு வாரம் முணுமுணுத்துவிட்டுப் பழகிக்கொண்டோம். இந்த முறை பழக மறுத்தீர்கள். மறுத்ததில் தவறில்லை. ஆனால் வந்த மனிதரை நாள்தோறும் ஒப்பிட்டு, இறந்தவரின் படத்தைப் பக்கத்தில் வைத்து மட்டம் தட்டியவர்கள் உங்களில் இருந்தார்கள். அது அஞ்சலி ஆகாது. தொடரை அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும் என்று சொன்னவர்களும் உண்டு. நிறுத்தியிருந்தால் ஜனனி, ஈஸ்வரி, ரேணுகா, நந்தினி ஆகியோரின் கதையும் அந்தரத்தில் நின்றிருக்கும். தலைப்பே அவர்களுடைய நீச்சலைப் பற்றியது. லைட்மேனில் தொடங்கி மேக்கப்காரர் வரை அந்தத் தொடரை நம்பி அடுப்பெரித்த குடும்பங்கள் வேறு. 2024 ஜூனில் தொடர் முடிந்தது, அந்த ஆண்டு இறுதியில் ‘எதிர்நீச்சல் தொடர்கிறது’ என்று மறுபடி வந்தது. இந்த நீட்டிப்புகளெல்லாம் கதைக்கு நன்மை செய்தனவா என்று கேட்டால் எனக்குச் சந்தேகம்தான். அது தனிக் கணக்கு.

அடுத்த ஆட்சேபம் இதைவிடக் கனமானது. “அந்த வசனத்துக்கு அதிகம் சிரித்தவர்களே பெண்கள்தான். வீட்டில் ஒரு குணசேகரனோடு குடித்தனம் நடத்துகிறவள், திரையில் அவரைப் பார்த்துச் சிரிக்கும்போது கொஞ்சம் மூச்சு விடுகிறாள். அந்தச் சிரிப்பையும் பிடுங்க வருகிறீர்களா?” இல்லை. அந்தச் சிரிப்பு தீர்ப்பு சொல்லும் சிரிப்பு. அவள் முழுத் தொடரையும் பார்த்துவிட்டுச் சிரிக்கிறாள். குணசேகரனை எதிர்வரிசையில் நின்று பார்க்கிறாள். நந்தினி உள்ளுக்குள் சிரித்ததைத்தான் அவள் வெளியே சிரிக்கிறாள். மாரிமுத்து சம்பாதித்த புகழிலேயே மதிப்பானது அது என்று சொல்வேன். என் குறை அந்தச் சிரிப்பு இடம் மாறிவிட்டது என்பதுதான். துண்டு பிரிந்து போனபின், எதிர்வரிசை இல்லாததால், சிரிக்கிறவருக்கு நிற்க ஒரே ஒரு இடம்தான் மிஞ்சுகிறது: குணசேகரனின் பக்கம். மருமகளாக நின்று சிரித்த சிரிப்பு குணசேகரனாக நின்று சிரிக்கும் சிரிப்பாக மாறிவிடுகிறது. அலுவலகத்தில் ஒரு பெண் ஊழியர் கேள்வி கேட்கும்போது யாரோ ஒருவர் “இந்தாம்மா ஏய்” என்று சொல்லி எல்லோரையும் சிரிக்க வைக்கலாம். அந்த இடத்தில் மாரிமுத்துவின் நடிப்பு எதற்கு எதிராக உருவானதோ அதற்கே வேலை செய்துகொண்டிருக்கும். சிரிக்காத பெண்ணுக்கு நகைச்சுவை உணர்வு இல்லை என்ற பட்டமும் இலவசமாகக் கிடைக்கும்.

“அவரே அதை ரசித்தாரே, மேடையில் கேட்டால் சொல்லிக் காட்டினாரே” என்பது மூன்றாவது. ரசித்தார், உண்மை. ஐம்பதைத் தாண்டிய வயதில் வந்த புகழை எந்த மனிதர் ரசிக்காமல் இருப்பார்? ஆனால் நடிகர் ஒரு வசனத்தைச் சொல்லிக் காட்டும்போது, அதைப் பேசியவன் தான் இல்லை என்பதும் கூடவே நின்று தெரிகிறது. அவருடைய சொந்தச் சுபாவத்துக்கும் குணசேகரனுக்கும் இருந்த தூரத்தைக் காட்ட ஒரு நிகழ்ச்சி போதும். இறப்பதற்குச் சில வாரங்கள் முன்பு, ஜீ தமிழின் ‘தமிழா தமிழா’ விவாதத்தில் ஜோதிடர்களை எதிர்த்து அவர் வாதாடினார். குணசேகரன் அடுத்தவரைப் பேசவிட மாட்டார், காரணம் கேட்டால் நாற்காலியைத் தள்ளுவார். மாரிமுத்து அங்கே காரணம் கேட்கிற பக்கம் நின்றார். அவர் இறந்ததும், ஜோதிடத்தைப் பழித்ததால் வந்த வினை என்று எழுதவும் சிலருக்கு மனம் வந்தது. உங்களில் பலர் அவர்களுக்குச் சூடாகப் பதில் சொன்னீர்கள், நல்லது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். கேள்வி கேட்ட மாரிமுத்துவுக்காக அன்றைக்குச் சண்டை போட்ட நீங்களே, கேள்வி கேட்பவளை அதட்டும் குணசேகரனை அவர் படத்தின் கீழே எழுதி வைக்கிறீர்கள். இரண்டும் ஒரே சுவரில் எப்படி ஒட்டும்?

உங்கள் பக்கம் ஒரு நியாயம் உண்டு. நான் முழுதாக ஒப்புக்கொள்வது இதை மட்டும்தான். குணசேகரனை நாயகனாக்கும் வேலையை ரசிகர்கள் தொடங்கவில்லை. அந்தக் குரல் பிரபலமானதும் தொடரே அவர் பின்னால் ஓடியது. ஜனனியின் வெற்றி தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. அவள் ஒரு படி ஏறினால் மறுநாள் இரண்டு படி இறக்கப்பட்டாள், ஏனென்றால் குணசேகரன் தோற்றுவிட்டால் கதை முடிந்துவிடும், கதை முடிந்தால் ஒன்பதரை மணி காலியாகிவிடும். தினசரித் தொடரின் பொருளாதாரம் அப்படி: கொடுமை நீடித்தால்தான் ஒளிபரப்பு நீடிக்கும். முன்னோட்டத் துண்டுகளிலும் அவர் முகமும் குரலும்தான் முன்னால் நின்றன. பெண்களின் எதிர்ப்பைப் பேச வந்த ஒரு தொடர் எதிர்ப்புக்குக் காரணமானவனை நம்பிப் பிழைக்க வேண்டி வந்தது. திருச்செல்வமே ஜீவானந்தம் என்ற பாத்திரமாக உள்ளே வந்து எதிர்முனையைக் கனப்படுத்தப் பார்த்தார். எடை முழுதாகச் சமமாகவில்லை என்பது என் கருத்து. ஆக, கத்தரிக்கோலை முதலில் எடுத்தது தொடர்தான் என்று நீங்கள் சொன்னால் எதிர்த்துப் பேச மாட்டேன். ஆனால் தொலைக்காட்சிக்கு அந்த நேரத்தை விற்க வேண்டிய கட்டாயம் இருந்தது. உங்களுக்கு விற்க ஒன்றும் இல்லை. அவர்மேல் இருக்கும் பிரியத்தால் மட்டுமே நீங்கள் அவரை நினைக்கிறீர்கள். அதனால்தான் கேட்கத் துணிகிறேன்.

குணசேகரன் மாரிமுத்துவுக்கு எங்கிருந்து வந்தார் என்று தேடிப் போனால் அஞ்சலிக்கு இன்னும் நல்ல பொருள் கிடைக்கும். இயக்குநராக வேண்டும் என்று தேனிப் பக்கத்திலிருந்து சென்னை வந்தவர் அவர். வைரமுத்துவிடம் உதவியாளராக இருந்தார். ராஜ்கிரண், மணிரத்னம், வசந்த், எஸ்.ஜே. சூர்யா போன்றவர்களின் படங்களில் உதவி இயக்குநராக வேலை பார்த்தார். 2008இல் ‘கண்ணும் கண்ணும்’, 2014இல் ‘புலிவால்’ என இரண்டு படங்கள் இயக்கினார். இரண்டும் அவரைப் பெரிய இயக்குநராக உட்கார்த்தி வைக்கவில்லை. 2011இல் மிஷ்கினின் ‘யுத்தம் செய்’ படத்தில் காவல்துறை அதிகாரியாக வந்தது நடிப்புக்கு வழி திறந்தது. உதவி இயக்குநர் என்பவர் வருடக்கணக்கில் அடுத்தவர் நடிப்பைக் கேமராவுக்குப் பக்கத்தில் நின்று கவனிக்கிறவர். எந்த இடத்தில் நடிகர் பொய் பேசுகிறார் என்று அவருக்குத்தான் முதலில் தெரியும். மாரிமுத்துவின் நடிப்பில் இருந்த சிக்கனம் அங்கே வாங்கியதாக இருக்க வேண்டும். குணசேகரன் கத்தினாலும் மாரிமுத்துவின் கை அநாவசியமாக ஆடுவதில்லை.

அவர் நடித்த ஒரு அப்பாவை நீங்கள் அதிகம் பேசுவதில்லை. 2018இல் வந்த மாரி செல்வராஜின் ‘பரியேறும் பெருமாள்’ படத்தில் ஜோதி மகாலட்சுமியின் தந்தை. அதுவும் ஒரு சாதிக் குடும்பத்தின் தலைவர் வேடம்தான். ஆனால் அங்கே அதட்டல் இல்லை. மகள் அழைத்ததை நம்பிக் கல்யாண மண்டபத்துக்கு வந்த பரியன் என்ற பையனைத் தனியறையில் தன் சொந்தக்காரர்கள் அடித்து நொறுக்குவதைத் தடுக்க முடியாமல், பிறகு அவனிடம் கெஞ்சுகிற மனிதர். நல்லவர் என்று சொல்ல முடியாது, கெட்டவர் என்று கடந்துபோகவும் முடியாது. கடைசிக் காட்சியில் அவரும் பரியனும் பேசும்போது, அவர் சொல்லும் சமாதானத்தின் போதாமை அவர் முகத்திலேயே தெரியும். எதிரே இருப்பவனின் கண்ணைப் பார்த்துப் பேச அவரால் முடிவதில்லை. குணசேகரனுக்கு நான்கு வருடம் முன்பே, இதே வீட்டை இன்னொரு வாசல் வழியாக அவர் உள்ளே போய்ப் பார்த்துவிட்டார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அதிகாரத்தில் இருக்கும் கோழை ஒருவன், ஒருமுறை கெஞ்சினான், ஒருமுறை கத்தினான். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் குணசேகரனின் கூச்சலுக்குள் இருக்கும் பலவீனம் இன்னும் பளிச்சென்று தெரியும். அவர் இறந்தபிறகு 2024 ஜூலையில் ‘இந்தியன் 2’ வந்தபோது, விவேக், நெடுமுடி வேணு ஆகியோரைப் போல அவரையும் திரையில் மறுபடி பார்த்தோம். ஆனால் மாரிமுத்து என்ற நடிகரைப் புரிந்துகொள்ள அந்தப் பிரம்மாண்டத்தைவிட இந்தத் தந்தையே உதவுவார்.

இன்னொன்றையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அவர் வேலையின் நடுவில் இறந்தார். வேலைதான் காரணம் என்று சொல்ல எனக்கோ உங்களுக்கோ எந்த ஆதாரமும் கிடையாது, சொல்லவும் கூடாது. ஆனாலும் நாள்தோறும் ஒரு பகுதி வேண்டும் என்று நாம் கேட்பதால், படப்பிடிப்பும் டப்பிங்கும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டே ஓடுகின்றன. அந்த ஓட்டத்தில் இருக்கும் நடுத்தர வயது நடிகர்களுக்கும், அவர்களைவிடக் குறைந்த கூலிக்கு நின்றுகொண்டே வேலை பார்க்கும் தொழிலாளர்களுக்கும் ஓய்வு நேரம் என்ன, மருத்துவக் காப்பீடு என்ன என்று ரசிகர்கள் கேட்டால் கொஞ்சம் காதில் விழும். டி.ஆர்.பி.யை ஏற்றி இறக்குகிறவர்கள் கேட்கும் கேள்வி அல்லவா அது.

மாரிமுத்துவை நினைப்பதை நிறுத்தச் சொல்லவில்லை. அடுத்த செப்டம்பரில் மறுபடி அந்தத் துண்டை நீங்கள் போடத்தான் போகிறீர்கள். போடும்போது முன்னும் பின்னும் இருபது விநாடி கூடுதலாக வையுங்கள். அவர் கத்துவதற்கு முன்னால் ஜனனி கேட்ட கேள்வியும், கத்தி முடித்ததும் நந்தினி முணுமுணுத்ததும், ஈஸ்வரி அவரை ஏறிட்டுப் பார்த்ததும், அந்தப் பார்வையைத் தாங்காமல் அவர் கண் ஒருகணம் விலகியதும் அதில் இருக்கட்டும். பழைய பகுதிகளிலிருந்து அப்படித் தேடி எடுக்க ஒரு மாலை நேரம் செலவாகும். எடுத்தவர்கள் அதன் கீழே எந்தப் பகுதி, எந்தத் தேதி என்றும் குறித்துவிடுங்கள். பின்னால் அவர் நடிப்பைப் பற்றி எழுத வருகிறவருக்கு இப்போதைக்கு வேறு எங்கும் அந்தக் குறிப்பு கிடைக்காது.

இப்படிக்கு,
உங்களைப் போலவே ஒன்பதரை மணிக்குத் தொலைக்காட்சி முன் உட்கார்ந்த ஒரு பார்வையாளர்